பாக்கும் ஷோரோவும் ஒரே மேடையில்: பிரேசில் கிட்டார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாசிக்கல் கிட்டார் கச்சேரியில் முதல் பாதி முழுக்க பாக், ஸ்கார்லாட்டி, சோர் என்று ஐரோப்பியர்கள் வருவார்கள். இடைவேளைக்கு அப்புறம் வில்லா-லோபோஸ், கரோட்டோ, பெல்லினாட்டி என்று பிரேசில்காரர்கள் வருவார்கள். வாத்தியம் அதேதான், கையும் அதேதான், ஆனால் அரங்கின் காற்றே மாறிவிடும். இது எப்படி நடக்கிறது என்று கிட்டார் கற்பவர்களும் சும்மா கேட்டு ரசிப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஐரோப்பிய கிளாசிக்கலையும் பிரேசில் இசையையும் சேர்த்து வாசிப்பது ஒரு வகை ஃப்யூஷன்தானே?

இல்லை என்பதுதான் என் கட்சி. ஃப்யூஷன் என்றால் தனித்தனியாக வளர்ந்த இரண்டு இசைகளை யாரோ ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து சேர்க்க வேண்டும். பிரேசில் கிட்டாரில் அவை அப்படிப் பிரிந்து நின்ற காலம் என்று ஒன்றைக் காட்டுவதே கஷ்டம். 1840களின் நடுவில் போல்கா நடனம் ரியோ டி ஜெனிரோவுக்கு வந்து இறங்கியது. வால்ட்ஸ், மசூர்கா, ஷாட்டிஷ் எல்லாம் முன்னே பின்னே வந்தன. அவற்றை வாசித்தவர்களில் பலர் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள். லுண்டு என்ற ஆட்டத்தின் தாளம் அவர்கள் காதிலும் காலிலும் ஏற்கெனவே ஊறியிருந்தது. அவர்கள் கைக்கு வந்த போல்கா, போல்காவாகவே தங்கவில்லை. மெட்டின் சட்டகம் ஐரோப்பாவுடையது, நடை ரியோவுடையது.

ஆகவே இன்று ஒரு கலைஞர் இரண்டையும் வாசிக்கும்போது எதையும் புதிதாக ஒட்டவைக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில், அவருடைய வலது கையில் இருக்கிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

ஷோரோ, ஷோரோ என்கிறார்களே, அது என்ன?

1870 வாக்கில் ரியோவில் உருவெடுத்த வாத்திய இசை. ஒரு புல்லாங்குழல், நான்கு கம்பி கொண்ட கவாக்கின்யோ என்ற குட்டி வாத்தியம் ஒன்று, ஒன்றிரண்டு கிட்டார். ஆரம்பகாலக் குழு அவ்வளவுதான். புல்லாங்குழல் கலைஞர் ஜோவாக்கிம் கலாதோ (1848–1880) இதன் முதல் பெரிய பெயர். அடுத்த தலைமுறைகளில் பிஷிங்கின்யா (1897–1973) இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்.

வாசித்தவர்கள் பெரும்பாலும் சின்ன உத்தியோகஸ்தர்கள்: தபால் இலாகா, சுங்கம், ராணுவ பேண்டு. பகலில் வேலை. இரவில் யார் வீட்டிலாவது பிறந்தநாள், கல்யாணம் என்றால் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, சாப்பாடும் குடியும்தான். ஒரு தபால்காரர் தன் காலத்து ஷோரோ கலைஞர்களைப் பற்றி 1936ல் ஒரு புத்தகமே எழுதினார். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒருவர் மெதுவாகச் சமையலறையை எட்டிப் பார்ப்பாராம். அடுப்பில் பூனை தூங்கினால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை என்று அர்த்தம், குழு நைசாக வேறு வீட்டுக்கு நழுவிவிடும்.

வடிவம் என்று பார்த்தால், இரண்டு எண்ணிக்கைத் தாளத்தில் மூன்று பகுதிகள். முதல் பகுதி ஒவ்வொரு முறையும் திரும்பி வரும். ஐரோப்பியர்கள் ரோண்டோ என்று சொல்லும் அதே அமைப்பு. 2024ல் பிரேசிலின் தேசியப் பண்பாட்டு மரபு அமைப்பு ஷோரோவை நாட்டின் மரபுச் செல்வமாகப் பதிவு செய்தது.

பிரேசிலில் கிட்டாருக்கு ஆரம்பத்திலிருந்தே மரியாதை இருந்ததா?

எங்கே! பியானோ பெரிய வீட்டு வாத்தியம், கிட்டார் ஊர் சுற்றிகளின் வாத்தியம் என்றுதான் ரியோவின் மேல்தட்டு நினைத்தது. கையில் கிட்டாரோடு போனால் போலீஸ் சந்தேகமாகப் பார்க்கும் காலம் அது.

1914ல் நடந்த ஒரு விஷயம் இதைப் புரியவைக்கும். அப்போதைய ஜனாதிபதியின் மனைவி நயிர் டி தெஃபே, ரியோவின் கத்தேத்தே மாளிகையில் நடந்த அதிகாரபூர்வ விருந்தில் கிட்டாரை எடுத்து ஷிக்கின்யா கொன்சாகாவின் ‘கோர்தா-ஜாக்கா’வை வாசித்தார். அது மஷீஷி வகை. அந்த நடனமே அன்று கண்ணியக்குறைவு என்று கருதப்பட்டது. நாட்டின் பெரிய சட்டமேதையும் செனட்டருமான ருயி பார்போசா செனட்டில் எழுந்து இதைக் கடுமையாகச் சாடினார். ஒரு பெண்மணி நாலு நிமிடம் கிட்டார் வாசித்தது நாடாளுமன்ற விவகாரம் ஆகிவிட்டது.

கன்சர்வேட்டரிகளும் மெதுவாகத்தான் கதவைத் திறந்தன. உருகுவேயில் பிறந்து சாவ் பாவ்லோவில் குடியேறிய இசாயாஸ் சாவியோ (1900–1977), அந்நகரின் கன்சர்வேட்டரியில் 1947ல் கிட்டாருக்கு முறையான பாடத்திட்டத்தைத் தொடங்கினார். அவரிடம் படித்தவர்கள் பெயரைப் பார்த்தாலே போதும்: கார்லோஸ் பார்போசா-லிமா, பாவ்லோ பெல்லினாட்டி, லூயிஸ் போன்ஃபா, தோக்கின்யோ. பாதிப் பேர் கிளாசிக்கல், பாதிப் பேர் வெகுஜன இசை, ஒரே வாத்தியார்.

வில்லா-லோபோஸ் பெயர் எல்லாரும் சொல்கிறார்கள். அவர் அப்படி என்ன செய்துவிட்டார்?

எய்டோர் வில்லா-லோபோஸ் 1887ல் ரியோவில் பிறந்தார். அப்பாவுக்குத் தேசிய நூலகத்தில் வேலை, வீட்டில் செல்லோ. பையன் சின்னவன் என்பதால் வயோலாவையே செல்லோ போல நிமிர்த்திப் பிடிக்கவைத்துக் கற்றுக்கொடுத்தார். கிட்டார் அந்த வீட்டுப் பாடத்தில் கிடையாது. அதை ஷோரோக்காரர்களோடு சுற்றித்தான் கற்றார். இந்த இரண்டு பள்ளிகளும் அவருடைய கிட்டார் படைப்புகளில் கடைசிவரை தெரியும்.

இளமையில் எழுதத் தொடங்கிய ‘பிரேசில் மக்கள் சூட்’டின் பகுதித் தலைப்புகளைப் பாருங்கள்: மசூர்கா-ஷோரோ, ஷாட்டிஷ்-ஷோரோ, வால்ட்ஸ்-ஷோரோ, கவோட்-ஷோரோ, கடைசியில் ஷோரின்யோ. நான்கு தலைப்புகளில் இடப்பக்கம் ஐரோப்பிய நடனம், வலப்பக்கம் ரியோ. ஐந்தாவதில் ஐரோப்பா காணாமலே போய்விடுகிறது.

1920ல் ‘ஷோரோஸ் எண் 1’. ரியோவின் பியானோ கலைஞர் எர்னெஸ்டோ நசரேத்துக்குக் காணிக்கை. தொடக்கத்தில் மூன்றே மூன்று சுரங்கள், ஒவ்வொன்றின் மேலும் நிறுத்தக் குறி. வாசிப்பவர் ஒவ்வொன்றிலும் தன் இஷ்டப்படி நின்றுவிட்டுப் போகலாம். அப்புறம்தான் தாளம் ஓடத் தொடங்கும். மெட்டு திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் இந்த மூன்று சுர நாடகம் உண்டு. அதை மெட்ரோனோம் வைத்த மாதிரி வாசித்தால் உயிர் போய்விடும். ரொம்ப இழுத்தால் கோமாளித்தனம் ஆகிவிடும்.

1923ல் பாரிஸ் போனார். அங்கே ஸ்பெயினின் கிட்டார் மேதை ஆந்திரே செகோவியாவைச் சந்தித்ததன் பலன் பன்னிரண்டு எட்யூட்கள், அதாவது பயிற்சிப் படைப்புகள். 1920களில் எழுதி செகோவியாவுக்குக் காணிக்கையாக்கினார். அச்சில் வந்ததோ 1953ல்தான், செகோவியாவின் முன்னுரையோடு. இதில் ஒரு வேடிக்கை: காணிக்கை பெற்றவர் பன்னிரண்டில் சிலவற்றை மட்டும்தான் மேடையில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டையும் முதலில் இசைத்தட்டில் பதிவு செய்தவர் பிரேசிலின் துரீபியோ சாந்தோஸ், 1963ல். பின்னாளில் ரியோவிலுள்ள வில்லா-லோபோஸ் அருங்காட்சியகத்துக்கு அவரே பல ஆண்டுகள் இயக்குநராக இருந்தார்.

1940ல் ஐந்து பிரெலூடுகள், முன்னிசை என்ற பெயரில் வரும் சிறு படைப்புகள். 1951ல் கிட்டாரும் சிறு ஆர்கெஸ்ட்ராவும் சேரும் கன்செர்ட்டோ. தனி ஆவர்த்தனம் மாதிரி ஒரு கடென்சா வேண்டும் என்று செகோவியா பிடிவாதம் பிடித்து அதைச் சேர்க்கவைத்தார். 1956ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் செகோவியா வாசிக்க, வில்லா-லோபோஸே ஆர்கெஸ்ட்ராவை நடத்த, அது அரங்கேறியது.

கிட்டாருக்கு அவர் எழுதியது மொத்தமாகப் பார்த்தால் ரொம்பக் கொஞ்சம்தான். இருந்தும் உலகின் எந்தக் கிட்டார் வகுப்பும் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை.

எட்யூட் என்றால் விரல் பயிற்சிதானே? அதை ஏன் கச்சேரியில் வாசிக்கிறார்கள்?

முதல் எட்யூடையே எடுத்துக்கொள்ளுங்கள். வலது கை ஒரே ஆர்பெஜியோவை (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பதை) விடாமல் வாசித்துக்கொண்டிருக்கும்: கட்டைவிரல் தடித்த கம்பிகளில் தொடங்க, மற்ற விரல்கள் மெல்லிய கம்பி வரை ஏறி இறங்கும். இடது கை கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்தை, மாற்றிக்கொண்டே போகும். பாக்கின் சி மேஜர் பிரெலூடு ஞாபகத்துக்கு வரும், வரவும் வேண்டும்.

நடுவில் ஒரு இடம் வரும். டிமினிஷ்டு என்ற பதற்றமான கார்டு ஒன்றைப் பிடித்த இடது கை, விரலமைப்பை மாற்றாமல் கழுத்தின் மேல் ஃப்ரெட்டிலிருந்து (குறுக்குக் கட்டையிலிருந்து) ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கும். திறந்த கம்பிகள் மட்டும் நகராமல் அப்படியே ஒலிக்கும். ஒவ்வொரு படியிலும் அந்த நிலையான சுரத்துக்கும் நகரும் கார்டுக்கும் புதுப்புது உரசல் பிறக்கும். பியானோவில் உட்கார்ந்து யோசிக்கிறவருக்கு இது தோன்றவே தோன்றாது. கிட்டாரின் கழுத்தில் கையைச் சறுக்கிப் பழகியவருக்குத்தான் தோன்றும். இரவெல்லாம் ஷோரோ வாசித்த கை பாக்கின் வடிவத்துக்குள் நுழைந்தால் இப்படித்தான் இருக்கும்.

பாக் பெயர் இவ்வளவு அடிபடுகிறதே, பிரேசிலுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

வில்லா-லோபோஸ் 1930 முதல் 1945 வரை எழுதிய ஒன்பது ‘பாக்கியானாஸ் பிரசிலெய்ராஸ்’ இந்தக் கேள்விக்கே எழுதிய மாதிரி இருக்கும். பல பகுதிகளுக்கு இரட்டைத் தலைப்பு: ஒன்று பாக் காலத்து வடிவத்தின் பெயர், இன்னொன்று பிரேசில் பெயர். ஒன்பதில் எதுவும் கிட்டாருக்கென்று எழுதியதல்ல. ஆனால் ஐந்தாவதின் புகழ்பெற்ற ஆரியாவை, எட்டு செல்லோவுக்கும் ஒரு பெண் குரலுக்கும் எழுதியதை, குரலுக்கும் கிட்டாருக்குமாக அவரே மாற்றி எழுதினார். இன்று அதைக் கிட்டார் கச்சேரிகளில் அடிக்கடி கேட்கலாம். ஐந்து பிரெலூடுகளில் மூன்றாவது பாக்குக்கு வணக்கம். இரண்டாவது ரியோவின் தெருச் சண்டியருக்கு! இரண்டையும் அடுத்தடுத்து வைக்க அந்த மனிதருக்குக் கூச்சமே இல்லை.

பெயர்ப் பொருத்தத்தைவிட ஆழமான காரணமும் உண்டு. ஷோரோ குழுவில் கிட்டாரின் வேலை கார்டு அடிப்பது மட்டும் இல்லை. மெட்டு மேலே போகும்போது கிட்டார் அடியில் தனக்கென்று ஒரு மெட்டு போட்டுக்கொண்டு, மேலே உள்ளதோடு பேசிக்கொண்டே போகும். அந்த அடி மெட்டுகளை அங்கே பைஷாரியா என்பார்கள். பாக்கில் கீழ்க்குரல் செய்வதும் அதைத்தான். இதில் பழகிய காது பாக்கைக் கேட்டதும் அந்நியமாக நினைப்பதில்லை. சாவ் பாவ்லோ பக்கத்துக்காரர் பாவ்லின்யோ நோகெய்ரா ‘பாக்கியானின்யா’ என்ற பெயரிலேயே கிட்டாருக்கு எழுதினார். சின்னப் படைப்புதான், ஆனால் கேட்டவர்கள் மறப்பதில்லை.

இசை எழுத்து தெரியாதவர்களின் படைப்புகளும் கிளாசிக்கல் மேடையில் வருகின்றனவாமே?

வருகின்றன. ஜோவாவ் பெர்னாம்புகோ (1883–1947) அதற்குப் பெரிய சாட்சி. வடகிழக்கு மாநிலமான பெர்னாம்புகோவில் பிறந்தவர், கொல்லுப் பட்டறை வேலை செய்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். இளவயதில் ரியோவுக்கு வந்தார், வில்லா-லோபோஸ் உட்பட அந்நகர இசைக்காரர்களோடு பழகினார். அவருடைய ‘சோன்ஸ் டி காரிலோய்ன்ஸ்’, கோயில் மணியோசை என்று வைத்துக்கொள்ளலாம், இன்று உலகெங்கும் கிட்டார் மாணவர்கள் வாசிக்கும் ஒன்று. ஆறாவது கம்பியை ஒரு படி இறக்கி டி சுருதியில் வைத்து வாசிக்க வேண்டும். அப்போதுதான் அந்த மணியின் கனம் அடியில் கிடைக்கும்.

அவர் வாசித்ததை மற்றவர்கள் எழுதிவைத்தார்கள். துரீபியோ சாந்தோஸ் போன்ற கிளாசிக்கல் கலைஞர்கள் அதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றினார்கள். அதனால் பதிப்புக்குப் பதிப்பு விரல் குறிப்பும் சில சுரங்களும் வேறுபடும். எது ‘அசல்’ என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

இன்னொருவர் கரோட்டோ. சாவ் பாவ்லோக்காரர் (1915–1955), பையன் என்பதுதான் அந்தப் பட்டப்பெயரின் பொருள். பேஞ்சோ, கவாக்கின்யோ, மாண்டலின், கிட்டார் என்று கம்பி கட்டிய எதையும் வாசிப்பார். பாடகி கார்மென் மிராண்டாவின் குழுவோடு 1939ல் அமெரிக்கா போய்வந்தவர். பின்னால் வந்த போஸா நோவா என்ற மென்மையான சாம்பா வழி இசையின் கார்டுகளை 1940களிலேயே கிட்டாரில் போட்டுவைத்தவர். ரேடியோவில் வாசித்துப் பிழைத்தவருக்கு ரதமேஸ் ஞாத்தாலி என்ற இசையமைப்பாளர் ஒரு கன்செர்டினோ எழுதிக்கொடுக்க, 1953ல் ரியோவின் நகர நாடக அரங்கில் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தார். அடுத்த இரண்டு ஆண்டில் போய்விட்டார், வயது நாற்பதுகூட ஆகவில்லை. பழைய பதிவுகளைக் காதால் கேட்டும் கையெழுத்துப் பிரதிகளைத் தேடியும் அவருடைய படைப்புகளைத் தொகுத்து, 1991ல் பதிவாகவும் வெளியிட்டவர் பாவ்லோ பெல்லினாட்டி. அந்த ஒரு வேலைக்கே கிட்டார் உலகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

சில பிரேசில் கிட்டார்களில் ஏழு கம்பி இருக்கிறதே?

அந்த அடி மெட்டுகளுக்காகத்தான். வழக்கமான ஆறு கம்பிக்குக் கீழே இன்னொரு தடித்த கம்பி, பெரும்பாலும் சி சுருதியில், சிலர் பி-யில். இதைக் கலையாக்கியவர் டினோ (1918–2006). உலோகக் கம்பி கட்டி, கட்டைவிரலில் ஒரு நகவளையம் மாட்டி வாசித்தார். பிஷிங்கின்யா 1940களில் சாக்ஸஃபோனில் போட்ட எதிர்மெட்டுகளைக் கேட்டுக் கேட்டு அந்தப் பேச்சைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார் என்பார்கள்.

ரஃபேல் ரபேலோ (1962–1995) அதே ஏழு கம்பியில் நைலான் கட்டி, பக்கவாத்தியமாக இருந்ததைத் தனிக்கச்சேரி வாத்தியமாக்கினார். 32 வயதில் இறந்தவர். அந்தக் குறுகிய காலத்தில் வாசித்துத் தள்ளியதைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். இன்று அந்த வழியில் யமண்டு கோஸ்டா இருக்கிறார். பிரேசிலின் தென்கோடியில் பிறந்தவர் என்பதால் அர்ஜென்டினா பக்கத்து மிலோங்காவும் அவர் கையில் கலந்து வரும்.

கிளாசிக்கல் படித்தவர் பிரேசில் இசை வாசித்தால் ஏதோ இடறுகிற மாதிரி இருக்கிறது. ஏன்?

சரி, இதுதான் முக்கியமான கேள்வி.

கிளாசிக்கல் பயிற்சி வலது கைக்குச் சொல்லிக்கொடுப்பது சமநிலை: எல்லா விரலும் ஒரே வலிமை, ஒரே நிறம், மெட்டை மேலே மிதக்கவிடு, வாக்கியத்தின் முடிவில் லேசாக மூச்சு விடு. சோர், தாரேகா போன்ற ஸ்பெயின் கிட்டார் மேதைகளுக்கு இது பொருந்தும். பிரேசிலின் சாம்பா நடன இசைக்கு இதே கையைக் கொண்டுபோனால் எல்லா சுரமும் சரியாக இருக்கும், ஆனால் யாருக்கும் கால் ஆடாது.

சாம்பாவில் வலது கை ஒரு தாளக்குழு. கட்டைவிரல் சுர்தோ என்ற பெரிய முரசு. இரண்டு எண்ணிக்கையில் அது வாசிக்கும்போது அழுத்தம் முதல் தட்டில் விழாது, இரண்டாவதில் விழும். ஐரோப்பியக் காதுக்கு இது தலைகீழ். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றும் சேர்ந்து கார்டைக் கிள்ளும்போது அவை தம்போரிம் என்ற சின்னத் தட்டுப்பறை. கட்டைவிரல் தட்டிலேயே நிற்கும், மேல் விரல்கள் தட்டுக்கு முன்னும் பின்னும் விழுந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த இழுபறிதான் இசை. இடது கைக்கும் இதில் பங்கு உண்டு: கார்டைப் பிடித்த விரல்களை லேசாகத் தூக்கினால் ஒலி சட்டென்று அறுந்துவிடும். எங்கே ஒலிக்கிறது என்பது எவ்வளவு முக்கியமோ, எங்கே அறுகிறது என்பதும் அவ்வளவு முக்கியம்.

இன்னொரு சங்கடம் இசை எழுதிய தாளில் இருக்கிறது. ஒரு தட்டுக்குள் நான்கு சம அளவுச் சுரங்கள் என்று எழுதியிருக்கும். பிரேசில்காரர் வாசிக்கும்போது அவை முழுச் சமமாக வராது. ஒன்று கொஞ்சம் முந்தும், ஒன்று சாயும். அதைத் தாளில் எழுதவும் முடியாது, எழுதினால் யாராலும் படிக்கவும் முடியாது. கேட்டுக் கேட்டுத்தான் வரவேண்டும். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது, தாளில் உள்ளது எலும்புதான் என்று நமக்குத் தெரியும்.

வடகிழக்கின் பையாவ் வேறு கணக்கு: எட்டு சிறு துடிப்புகளை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிப்பார்கள். ஜோங்கோ இன்னும் வேறு, மூன்றும் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். பெல்லினாட்டியின் ‘ஜோங்கோ’வில் கிட்டாரின் உடலையே தட்டி வாசிக்கும் பகுதிகள் வரும். ரெசிஃபே நகரத்து ஃப்ரேவோ வேகத்தில் மூச்சு முட்டும். ‘பிரேசில் தாளம்’ என்று ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொண்டு எல்லாவற்றுக்கும் போடுவது, வெளிநாட்டுக் கலைஞர்களின் பதிவுகளில் அடிக்கடி கேட்கும் குறை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஷோரோவில் ஊறிய கை பாக்கை வாசிக்கும்போது ஒவ்வொரு தட்டிலும் மசாலா தூவினால் அதுவும் சகிக்காது. இரண்டு வீட்டிலும் நடக்கத் தெரிந்தவர், எந்த வீட்டில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்றும் தெரிந்துவைத்திருப்பார்.

அப்படி இரண்டையும் கச்சிதமாகச் செய்தவர்கள் யார்?

முதலில் சொல்ல வேண்டியவர் கார்லோஸ் பார்போசா-லிமா (1944–2022). சாவ் பாவ்லோவில் பிறந்து பன்னிரண்டு வயதிலேயே மேடையேறியவர், செகோவியாவிடமும் பயின்றவர். ஒரு பக்கம் ஸ்கார்லாட்டியின் சொனாட்டாக்களைக் கிட்டாருக்கு மாற்றி எழுதினார். அர்ஜென்டினாவின் கினாஸ்டெரா தன்னுடைய ஒரே கிட்டார் சொனாட்டாவை 1976ல் இவருக்காகத்தான் எழுதினார். இன்னொரு பக்கம் 1982ல் போஸா நோவா இசையமைப்பாளர் ஜோபிமையும் அமெரிக்காவின் கெர்ஷ்வினையும் ஒரே இசைத்தட்டில் வைத்தார். ஜோபிமின் பாட்டைக் கார்டும் பாட்டுமாக விட்டுவிடாமல், உள்குரல்கள் தனித்தனியே நகரும்படி எழுதுவார். கேட்டால் ஸ்கார்லாட்டியை வாசித்த அதே கை என்று தெரியும்.

அப்புறம் அசாத் சகோதரர்கள், செர்ஜியோ (1952), ஒடாயிர் (1956). சாவ் பாவ்லோ மாநிலத்தின் உள்நாட்டு ஊர்களில் பிறந்தவர்கள். அப்பா ஷோரோ வாசிக்கும் மாண்டலின் கலைஞர். அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்துத்தான் பையன்கள் தொடங்கினார்கள். பிறகு ரியோவில் செகோவியாவின் மாணவியான மொனினா தாவோராவிடம் கறாரான கிளாசிக்கல் பயிற்சி. ராமோவையும் ஸ்கார்லாட்டியையும் இரண்டு கிட்டாருக்குப் பிரித்து அவர்கள் வாசிப்பதைக் கேட்டால் எங்கே ஒருவர் முடிகிறார், எங்கே மற்றவர் தொடங்குகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. அர்ஜென்டினாவின் டேங்கோ இசையமைப்பாளர் பியாசோலா தன் ‘டேங்கோ சூட்’டை எழுதியது இவர்கள் வாசிப்பைக் கேட்ட பிறகுதான். செர்ஜியோ நல்ல இசையமைப்பாளரும்கூட. 1986ல் எழுதிய ‘அக்வாரெல்’ இப்போது கிட்டார் போட்டிகளில் வாடிக்கையாகிவிட்டது.

பேடன் பவலையும் (1937–2000) விடக்கூடாது. சாரணர் இயக்கத்தை நிறுவியவரின் பெயரை அப்பா ஆசையாக வைத்தார். கிளாசிக்கல் மேடைக்காரர் என்று இவரைச் சொல்ல முடியாது, ஆனால் மெய்ரா என்ற ஷோரோ கலைஞரிடம் பாடம் கேட்டபோதே கிளாசிக்கலையும் படித்தார். அதே மெய்ராதான் பின்னால் ரபேலோவுக்கும் வாத்தியார்.

போஸா நோவாவும் இதில் சேர்த்திதானா?

பக்கத்து வீடு. 1958ல் ஜோவாவ் ஜில்பெர்ட்டோவின் கிட்டார், சாம்பாவின் முழுத் தாளக்குழுவை ஒரு வலது கைக்குள் சுருக்கிக் காட்டியது. கிளாசிக்கல் கலைஞர்கள் ஜோபிமை எடுத்துக்கொண்டது அதற்கப்புறம். பிரேசில் கிட்டார் என்றாலே போஸா நோவா என்று நினைத்துக்கொள்வதுதான் தப்பு.

வாத்தியத்தில் ஏதாவது வித்தியாசம் உண்டா?

ஆறு கம்பி என்றால் ஸ்பெயின் பாணி நைலான் கிட்டாரேதான். சாவ் பாவ்லோவில் ஜியானினி, டி ஜோர்ஜியோ போன்ற பழைய தயாரிப்பாளர்கள் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறார்கள்.

மரத்தில்தான் சுவாரஸ்யம். கிட்டாரின் பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் உலகம் முழுக்க ஆசைப்பட்டது பிரேசில் ரோஸ்வுட், அங்கே ஜகரண்டா. வெட்டித் தீர்த்த பிறகு 1960களின் கடைசியில் உருட்டுக்கட்டை ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1992 முதல் அழியும் இனங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் அந்த மரம் இருக்கிறது. ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்ததிலிருந்தே தயாரிப்பாளர்கள் திரும்பிய பக்கம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. கூடலூர் பக்கம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் மரம்தான் இன்று பாதி உலகத்தின் கிட்டார் முதுகு. அதற்கும் இப்போது வெட்டவும் விற்கவும் கட்டுப்பாடு உண்டு.

நான் கிட்டார் கற்கிறேன். எங்கே தொடங்கலாம்?

முதலில் இடது கையை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு கார்டு போதும். கட்டைவிரல் முதல் தட்டை ஐந்தாவது கம்பியிலும் இரண்டாவது தட்டை ஆறாவது கம்பியிலும் மாறி மாறி வாசிக்கட்டும், இரண்டாவது தட்டில் அழுத்தம். அது தானாக ஓடும்வரை மேல் விரல்களைச் சேர்க்க வேண்டாம். சேர்க்கும்போது ஒரு வாரம் சாம்பாப் பதிவுகளைப் போட்டுவிட்டு கூடவே வாசியுங்கள். மெட்ரோனோமைவிட அது நல்ல வாத்தியார்.

படைப்பு என்று வந்தால் சாவியோவின் ‘பத்துகாடா’ இடைநிலை மாணவர்களுக்கு நல்லது. அடுத்து ‘சோன்ஸ் டி காரிலோய்ன்ஸ்’. வில்லா-லோபோஸில் முதல் பிரெலூடு. முக்கிய மெட்டு தடித்த கம்பிகளில், செல்லோ பாடுகிற மாதிரி வரும். கட்டைவிரலால் பாடக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது. மசூர்கா-ஷோரோவும் கைக்கு எட்டும். பலர் முதலிலேயே பாய்கிற ‘ஷோரோஸ் எண் 1’ பார்க்க எளிதாக இருக்கும், மாட்டிவிடும். நடுப்பகுதிகளின் இடது கை நீட்டல்களும் கடைசிவரை குறையாத நடையும் சேர்ந்து கையைச் சோர்வாக்கிவிடும். ஒரு வருடம் தள்ளிப் போடலாம்.

பாக்கை நிறுத்திவிட வேண்டாம். காலையில் ஒரு பாக் பிரெலூடு, அடுத்து ஒரு ஷோரோ. இரண்டிலும் கீழ்க்குரலை மட்டும் தனியாக வாசித்துப் பாருங்கள், மெட்டைத் தொடாமல். அப்படி வாசிக்கும்போது கீழ்க்குரல் தனியாகவே ஒரு பாட்டாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மேல் மெட்டைச் சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறது.